ஏழு மணிக்கு நிற்கும் திமிங்கிலம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திமிங்கிலம் நின்றது. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அதே இடத்தில் அது இல்லை. புதன்கிழமையும் இல்லை. சிவதர்ஷன் முதல் நாளே இடத்தைக் கைபேசியில் குறித்து வைத்திருந்தான். இந்த இரண்டு நாளும் படகை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினான். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, முகம் கறுத்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்குத் திரும்பினான். அவன் நங்கூரம் போட்ட பிறகு, வலையெடுத்து வந்த சிறுபடகுக்காரர் ஒருவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

“தம்பி, நீ இஞ்சால திரும்ப, அது அங்கால வந்திட்டு. நீ நிண்ட அதே இடம். குட்டியும் நிக்கிது.”

இரண்டு நாளும் இதே கதை. திமிங்கிலம் எங்கேயோ ஓடிவிட்டது என்றால் அவன் மனம் ஆறியிருக்கும். அது அங்கேயேதான் வருகிறது, அவன் இல்லாத நேரம் பார்த்து வருகிறது என்பதுதான் அவனைத் தின்றது.

அந்தப் பங்குனியில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்கு இரண்டு படகுகள் ஓடின. ஒன்றைச் சிவதர்ஷன் ஓட்டினான். மற்றதை அவன் மனைவி நிருஷாவின் அண்ணன் ஜெயரூபன் ஓட்டினான். ஹோட்டலில் கடற்பயணங்களைக் கவனித்த ஓட்டமாவடி றிஸ்வி இருவரையும் ஒன்றாக நிறுத்தி விசயத்தைச் சொல்லியிருந்தான். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு படகுதான். எவன் விருந்தாளிகளுக்குத் திமிங்கிலம் காட்டுகிறானோ அவன் ஓட்டி. மற்றவன் அவனுக்குக் கீழே நங்கூரம் இழுக்கலாம், விரும்பாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஜெயரூபன் பதினைந்து வருடம் பலநாள் படகில் ஆழ்கடல் பார்த்தவன். சிவதர்ஷன் வாழைச்சேனை ஆற்றில் இறால் பிடித்தவன். வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றில் தொழில் செய்தவனைக் கடல்காரன் தொழிலாளியாகவே எண்ணமாட்டான்.

“என்ன மச்சான், உன்ட திமிங்கிலம் லீவு போட்டுட்டா?” என்றான் ஜெயரூபன், விருந்தாளிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே. “இறாலெண்டா வலைக்குள்ள வந்து படுத்திரிக்கும். இது கொஞ்சம் பெரிசு.”

“நீங்க மட்டும் காட்டினீங்களா மச்சான்?”

“நான் ஓங்கில் காட்டினன். ஐம்பது ஓங்கில் பாய்ஞ்சிது. உனக்கு அதுவும் இல்ல.” ஓங்கில் என்று அவன் சொன்னது டொல்பினை.

விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் ஜசிந்தன் சிரித்தான். புன்னைக்குடாப் பக்கத்து ஆளான அவன் யார் ஓட்டினாலும் அந்தப் படகில்தான் போவான். ஆகவே யார் பகிடி விட்டாலும் சிரிப்பான்.

வீட்டில் நிருஷா அதைவிட அமைதியாகச் சொன்னாள். “அண்ணனுக்கு விட்டுக் குடுங்களன். நீங்க அவருக்கு உதவியா போனா என்ன குறைஞ்சி போகும்? வீட்டுக்குள்ளதானே.”

அவன் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். ஜெயரூபன் ஒருநாள் முழுவதும் ‘இழு’, ‘விடு’ என்று சொல்ல, தான் கயிறு பிடித்து நிற்பதை நினைத்துப் பார்த்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

வியாழக்கிழமை விருந்தாளிகளை இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியே திரும்பக் கடலுக்குப் போனான். குறித்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். ஒன்பதரை மணிக்கு, வடக்கேயிருந்து இரண்டு மூச்சுகள் வந்தன. ஒன்று ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு எழுந்தது. மற்றது சிறியது, தும்மல்போல.

அது கூன்முதுகுத் திமிங்கிலம். இந்தக் கரையில் அபூர்வம். மற்றப் பெரிய திமிங்கிலங்கள் வெகு தூரத்தில், ஆழம் பார்த்துப் போகும். இது கரையோரத்துக்கு வந்து மேய்கிற சாதி. உடம்பின் மூன்றிலொரு பங்கு நீளத்துக்கு இரண்டு கைகள், அடிப்பக்கம் வெள்ளை. அந்தக் கைகளை வீசித் திரும்பினால், அவ்வளவு பெரிய உடம்பு தன் நீளத்துக்குள்ளேயே வட்டமடித்துவிடும். சிவதர்ஷன் அன்று நாலு மணி நேரம் அதைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அவனுக்கு விளங்கியது.

திமிங்கிலம் நின்ற இடத்தில் கடலின் மேல் ஒரு கோடு ஓடியது. ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் தேயிலைச் சாயம். கோட்டின் மேல் நுரையும், வைக்கோலும், ஆற்றோரக் கிண்ணை மரத்தின் இலைகளும் மிதந்தன. அது ஆற்றுத் தண்ணீர். வத்து ஓடும்போது, அதாவது கடல் மட்டம் இறங்கி ஆறு வெளியே ஓடும்போது, பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் அந்தத் தண்ணீரோடு வருகிறது. உப்புக் குறைந்த தண்ணீர் மேலே மிதந்து வந்து, கனத்த கடல்நீரில் முட்டுகிறது. முட்டிய இடத்தில் இரண்டும் கீழ்நோக்கி மடிகின்றன. மிதக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் மட்டும் மடியாமல் மேலே கோட்டில் குவிகின்றன. அவற்றைத் தின்ன நெத்தலி குவிகிறது. நெத்தலியைத் தின்னத் திமிங்கிலம் வருகிறது. வத்து தொடங்கியதும் கோடு உண்டாகாது. அது வெளியே தள்ளிவந்து இறுகுவதற்குப் பாதி வத்து போகவேண்டும். ஆகவே வத்தின் கடைசி மூன்று மணி நேரம்தான் மேய்ச்சல்.

மேயும்போது திமிங்கிலம் அரைக் கிலோமீற்றருக்குள்ளேயே கிடந்தது. குட்டையாக மூழ்கும், திரும்பும், வந்த வழியே போகும், மறுபடி திரும்பும். வத்து நின்றதும் கோடு பிய்ந்தது. நெத்தலி கலைந்தது. அப்போது திமிங்கிலத்தின் நடையே மாறியது. திருப்பமில்லை, சுற்றலில்லை; கரைக்கு ஒருச்சாய்வாக வடக்கே, ஆள் வேகமாக நடக்கிற வேகத்தில், கயிறு பிடித்தாற்போல் நேரே போனது. அங்கே கடலடி சட்டென்று இறங்கும் விளிம்பு இருக்கிறது. அடுத்த வத்துவரை அதன் காத்திருப்பு அங்கேதான்.

வத்து சந்திரனைப் பார்த்து ஓடுவது. சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி வருகிறது. திங்களன்று ஏழு மணிக்குத் தொடங்கிய மேய்ச்சல் செவ்வாயன்று ஏழு ஐம்பதுக்குத் தொடங்கியது. அவன் ஏழே முக்காலுக்குத் திரும்பியிருந்தான். இறால்காரனாக இருந்த எட்டு வருடமும் இந்த ஐம்பது நிமிடத்தைக் கூட்டித்தான் அவன் ஆற்றில் வலை கட்டினான். கடலுக்கு வந்தபோது அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். கடலில் நின்று வத்து, பெருக்கு என்று வாயைத் திறந்தால் ஜெயரூபன் சிரிப்பான் என்பதால், நினைப்பதைக்கூட நிறுத்தியிருந்தான்.

அன்று பின்னேரமே றிஸ்வியிடம் போனான்.

“நானா, நேரத்த மாத்துவம். நாளைக்குப் பத்து மணி. நாளண்டைக்குப் பதினொண்டு. நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன். தவறாது.”

றிஸ்வி கணினியைப் பார்த்தபடியே கேட்டான். “பத்து மணிக்கு வெயில் எப்படி?”

“வெயில்தான்.”

“வெயிலுக்குள்ள வெள்ளக்காரன் மணல்ல படுப்பான், படகில குந்தமாட்டான். விடிய ஏழு மணிக்குத் திமிங்கிலம், எட்டரைக்குச் சாப்பாடு. போஸ்டர் அடிச்சிரிக்கு.” பிறகுதான் தலையைத் தூக்கினான். “உனக்காக நான் குசினிச் சமையல் நேரத்த மாத்தேலாது தம்பி. திமிங்கிலத்த ஏழு மணிக்கு நிப்பாட்டு. ஏலாட்டி மச்சானுக்குக் கயிறு பிடி.”

அவன் திட்டவில்லை, சத்தம் போடவுமில்லை. ஏலாத ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு மறுபடி கணினிக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை சிவதர்ஷன் கணக்கை மறுபக்கமாகப் போட்டான். ஒரு நாளுக்கு இரண்டு வத்து. இரவு வத்து எப்போது நின்றது என்று தெரிந்தால், திமிங்கிலம் கோட்டை விட்டு எத்தனை மணி நேரமாகிறது என்பது தெரியும். நடை வேகம் தெரியும், திசை தெரியும். ஏழு மணிக்கு அது எங்கே இருக்கும் என்று கரையிலிருந்தே சொல்லலாம். சனிக்கிழமை அப்படியே கண்டுபிடித்தான். ஆனால் கண்டதோடு சரி. விளிம்பில் நின்ற திமிங்கிலம் படகின் சத்தம் கேட்டதும் இரண்டு மூச்சு விட்டுவிட்டு முதுகை வளைத்து மூழ்கியது. குட்டியும் பின்னால் போனது. எழுந்தபோது ஒரு கிலோமீற்றருக்கு அப்பால். விருந்தாளிகளின் கைபேசியில் பதிந்தது ஒரு கறுப்புப் புள்ளி.

“பைனாகுலர் வாடகைக்கு விடலாம் மச்சான்,” என்றான் ஜெயரூபன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடை தானாக வந்தது. வேகமாகத் துரத்திப் போனபோது புரொப்பெல்லரில் கயிற்றுத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டது. அவன் கியரை நியூட்ரலுக்கு எடுத்து, இஞ்சினை அணைக்காமல் விட, ஜசிந்தன் கத்தியோடு குனிந்தான். தாய் அப்போது மூழ்கியிருந்தது. குட்டியால் தாயைப்போல நீண்ட நேரம் மூச்சடக்க முடியாது. தாய் அடியில் இருக்கும்போது அது மேலேயே நின்றுகொள்ளும். படகு இழுபட்டு இழுபட்டுக் குட்டிக்குப் பக்கத்தில் போனது. தாய் எழுந்தது படகின் மற்றப் பக்கத்தில்.

அது போகவில்லை. படகைச் சுற்றி வந்தது. நீண்ட வெள்ளைக் கைகளால் தண்ணீரை அறைந்தது. எண்பதடி தூரத்தில் முழு உடம்போடு பாய்ந்து விழுந்தது. விருந்தாளிகள் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். நாற்பது நிமிடம். இவ்வளவு நேரமும் குட்டி படகின் நிழலில் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது.

சித்தாண்டியில் மாமனார் வீட்டில் பால் கறப்பதைச் சிவதர்ஷன் நினைத்தான். கன்றை அவிழ்த்து இரண்டு வாய் ஊட்டவிட்டு, இழுத்து, பசுவின் முன்னங்காலோடு கட்டுவார்கள். பசுவைக் கட்டத் தேவையில்லை.

திங்களும் செவ்வாயும் வேண்டுமென்றே செய்தான். தாய் மூழ்கும்வரை தள்ளி நின்று, குட்டி தனித்ததும் படகை நடுவே விட்டான். இரண்டு நாளும் திமிங்கிலம் நின்றது. றிஸ்வி கூப்பிட்டு, முதல் முறையாக, உட்காரக் கதிரையைக் காட்டினான்.

புதன்கிழமை ஹப்ஸா என்ற ஆய்வு மாணவி படகில் வந்தாள். தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி ஒன்றை வைத்திருந்தாள். சத்தம் பதியவேண்டும், இஞ்சினைக் கொஞ்சம் அணையுங்கள் என்று கேட்டாள். அணைத்தான். அவள் ஹெட்போனை அவன் காதில் வைத்தாள். வயிறு இரைவதைப்போல மெல்லிய முனகல் ஒன்று கேட்டது, அதற்குப் பதிலாக இன்னொன்று.

“குட்டியும் தாயும் இப்படித்தான் கதைக்கும் அண்ணா,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “சத்தமாக் கதைச்சா சுறா, கொலைகாரத் திமிங்கிலம் எல்லாம் கேட்டு வந்திடும். அதனால ரகசியம் பேசுற மாதிரி. நூறு மீற்றர் தாண்டினா கேக்காது.”

அவன் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் தாய் படகின் அடியால் வந்து, குட்டியைத் தோளோடு சேர்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நிமிடம்தான்.

ஹப்ஸா அவை போகும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். சிவதர்ஷன் இஞ்சினைப் பார்த்தான். அப்படியென்றால் தாயை மறிப்பது படகு அல்ல. இஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது குட்டியின் முனகல் அதற்குள் அமுங்கிவிடுகிறது. காதால் தேடமுடியாத தாய் கண்ணால் தேடுகிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தை விட்டு அது போகாது. எவ்வளவு நேரமானாலும் போகாது. இறங்கும்போது அவன் அந்தப் பெண்ணுக்கு மனதார நன்றி சொன்னான்.

ஒரு சிக்கல்தான் மிச்சம். அவன் விருந்தாளிகளோடு வந்து தேடி, மறித்து, நிறுத்துவதற்குள் நேரம் போய்விடுகிறது. விடியுமுன்னே ஒருவன் போய்ப் பிடித்து வைத்திருந்தால், மற்றவன் ஏழு மணிக்கு நேரே கொண்டுபோய்க் காட்டலாம். அதை றிஸ்வியிடம் சொன்னான். ஒரு படகு என்ற பேச்சு அத்தோடு நின்றது. இரண்டு படகும் ஓடும். விருந்தாளிகளோடு போவது சிவதர்ஷன். பிடித்து வைத்திருப்பது ஜெயரூபன். யார் சொல்கிறபடி யார் செய்வது என்பதை றிஸ்வி கேட்கவேயில்லை.

மூன்று விடியல் ஜெயரூபனைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு போய் வேலை பழக்கினான். மூன்றாம் நாள் குட்டி தானாகவே படகுக்கு வந்தது. மூக்கை அடிப்பலகையில் வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்தது. பிறகு திரும்பி மறுபக்கம் வந்து அதையே செய்தது. மூச்சுத் துளைக்குப் பின்னால், பிடரி இருக்கவேண்டிய இடத்தில், கை வைத்தால் அமிழுமளவுக்கு மெலிந்து குழி விழுந்திருந்தது. தாய்க்கும் அப்படித்தான். விடியல் வத்து முழுவதும் படகைச் சுற்றுகிற தாய் எப்போது மேயும்?

ஜெயரூபன் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். “என்ன செய்யிது இது?”

“பால் தேடுது.”

“படகிலயா?”

“இஞ்சின் சூட்டில அடிப்பலகை கொஞ்சம் சூடா இரிக்கும் மச்சான். அதோட சத்தம். தாயிட சத்தம் கேக்காதபடியா இதத் தாயெண்டு நினைக்குது.” சிவதர்ஷன் அதை விளக்கிய விதத்தில் மகிழ்ச்சி இருந்தது. “இது நல்லது. இனி நாம குட்டியத் தேடிப் போகத் தேவையில்ல. சத்தம் கேட்டா அது வரும்.”

 ஜெயரூபன் ஆழ்கடலில் சுறாவை உயிரோடு செட்டை வெட்டிக் கடலில் தள்ளியவன்தான். இருந்தாலும் கையைத் தண்ணீரில் விட்டு, குட்டியின் தலையைத் தள்ளப் பார்த்தான். அது அந்தக் கையையும் முகர்ந்தது.

“விடு மச்சான்,” என்றான். “பால் குடிக்கிறதப் போட்டு இப்படி… நான் திரும்ப ஓங்கில் காட்டுறன். எனக்கு இது ஏலா.”

“ஏலாட்டிப் போங்க. நீங்க பலநாள் படகில பதினஞ்சு வரியம் நிண்டவர், இன்னொருக்கால் போய்க் கேளுங்க. ஐம்பது வயசில எடுப்பாங்களா தெரியா.”

“நாப்பத்தெட்டு.”

“நாப்பத்தெட்டு.”

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. தாய் வலப்பக்கத்தில் எழுந்து மூச்சுவிட்டது. அந்த மூச்சின் துளிகள் காற்றில் வந்து இருவர் முகத்திலும் படிந்தன. அழுகிய மீனின் வாடை. ஜெயரூபன் துடைத்துக்கொண்டான்.

“குட்டி செத்தா?”

“தாய்க்கு முதுகில கொழுப்பு இரிக்கு. மூண்டு, நாலு கிழமைக்குத் தாங்கும். வைகாசியில காத்துத் திரும்பினா எப்படியும் இதுகள் இஞ்ச நிக்காது.” அதையும் அவன் யோசித்து வைத்திருந்தான். “நிருஷாவும் கேட்டவ, அண்ணனுக்கு என்ன வேலை எண்டு. உதவி எண்டு சொல்லியிரிக்கன்.”

ஜெயரூபன் அவனைப் பார்த்தான். சிவதர்ஷன் சிரிக்கவில்லை, வேலை சொல்லிக்கொடுக்கிறவனின் பொறுமையோடுதான் இருந்தான். கடைசியில் ஜெயரூபன் பார்வையை இறக்கி, கியர் தடியில் கையை வைத்தான்.

“சரி. ஒருக்கா ஒழுங்காச் சொல்லு.”

சிவதர்ஷன் ஒவ்வொன்றாகச் சொன்னான். இரவு வத்து நின்ற நேரத்தோடு ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் கூட்ட வேண்டும். நின்று எத்தனை மணி நேரமானதோ, மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வீதம் கோட்டிலிருந்து வடக்கே போகவேண்டும், விளிம்பைத் தாண்டக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் தாய் மூழ்கும்வரை தள்ளி நிற்கவேண்டும். குட்டி தனியே மேலே நிற்கும்போது, கரைப்பக்கமாக வந்து, படகைக் குட்டிக்கும் தாய் எழும் இடத்துக்கும் நடுவே விடவேண்டும். தாய் சுற்றினால் கூடவே சுற்றவேண்டும். மற்ற நேரம் கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். இஞ்சினை மட்டும் அணைக்கக்கூடாது.

அப்படிச் செய்தால் ஏழு மணிக்குத் திமிங்கிலம் நிற்கும்.